வா என்று காட்டிய கை

அப்பா இல்லாத முதல் வருடம் இன்றோடு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், அப்பாவின் படைத் தோழர்களுக்கும், பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருக்காரர்களுக்கும் மூத்த மகளான என் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுது என்று சித்தப்பா சொன்னார். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் முப்பது வருடம் அவர் மறைத்து வைத்திருந்த ஒன்றும் இதில் வருகிறது. அதை எழுத அப்பாவே எனக்கு அனுமதி தந்துவிட்டுப் போனார்.

அப்பா பிறந்தது கடமலைக்குண்டு. மானாவாரி நிலத்தில் மொச்சையும் சோளமும் விதைத்த வீட்டில் நான்கு பிள்ளைகளில் மூத்தவர். பதினான்கு வயதில் தகப்பனாரை இழந்தார். இலவம்பஞ்சு ஏற்றும் லாரியில் கிளீனராகப் போய், அங்கேயே வண்டி ஓட்டவும் பழகினார். பத்தொன்பது வயதில் மதுரையில் நடந்த ஆள் தேர்வில் நின்று ராணுவத்தில் ஓட்டுநராகச் சேர்ந்தார். சித்தப்பாக்கள் இருவரும் படித்ததும் அத்தைக்குக் கல்யாணம் நடந்ததும் அந்த வேலையால்தான். இதை அவர் ஒருநாளும் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

படையில் அவருக்குக் கிடைத்த நண்பர் சூசை. ராயப்பன்பட்டிக்காரர். ஒரே மாவட்டம், ஒரே வண்டி; ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டுவார்கள். விடுப்பில் இருவரும் சேர்ந்து வந்தால் முதல் நாள் ராயப்பன்பட்டியில் சாப்பாடு, மறுநாள் கடமலைக்குண்டில். தங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் சூசை மாமாதான் என்று அம்மா சொல்வார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் இறந்தார். வடக்கே மலைப்பாதையில் மழைக்குப் பிறகு சாலை சரிந்து, வண்டியோடு ஆற்றில் விழுந்தார். எட்டு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அவருடைய இரும்புப் பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்து தாயார் ஞானம்மாள் அம்மாவிடம் ஒப்படைத்தவர் அப்பா. தான் பின்னால் வேறு வண்டியில் வந்ததாகவும், விழுந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றும் அப்போது சொன்னார். எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஓய்வு பெற்று வந்த பிறகு அப்பா ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. பள்ளி வேன் ஓட்டக் கூப்பிட்டார்கள், தோட்டத்து ஜீப்புக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரையும் மறுத்துவிட்டு ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ஒரு மத்தியானம் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்து முகம் நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுக் கார்ச் சாவியைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தார். அப்பா காரின் கதவைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடிவிட்டார். ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினார். அம்மா பிழைத்துக்கொண்டார். நான் நான்கு மாதம் அப்பாவிடம் பேசவில்லை. அந்த நான்கு மாதத்தை இப்போது திருப்பிக் கேட்க முடிந்தால் கேட்பேன்.

சூசை மாமா இறந்த தேதியில் வருடம் தவறாமல் ராயப்பன்பட்டிக்குப் போவார். அவர்களோடு படையில் இருந்த அக்கம்பக்கத்து ஊர்த் தோழர்கள் மூவரும் கூட வருவார்கள். பதக்கங்களைக் குத்திக்கொண்டு சூசை மாமாவின் படத்துக்கு முன் நின்று சல்யூட் வைப்பார்கள். ஞானம்மாள் அம்மா நால்வருக்கும் இலை போடுவார். அப்பா அவரை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். கல்லறைத் தோட்டத்தில் மகன் பேருக்கு ஒரு கல் வைக்கலாம் என்று தோழர்கள் எத்தனையோ முறை கேட்டார்கள். உடம்பு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அந்த அம்மா மறுத்துவிடுவார்.

நான்கு வருடங்களுக்கு முன் ஞானம்மாள் அம்மா கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடந்தார். மலைமேல் கட்டப்பனையில் வாக்கப்பட்டிருந்த மகள் அழைத்துப் போக வந்தபோது வர முடியாது என்றார். நீங்கள் சொன்னால் கேட்பார் என்று அந்த மகள் அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பாவோடு நானும் போனேன்.

அப்பா கட்டில் அருகே உட்கார்ந்து நயமாகத்தான் எடுத்துச் சொன்னார். ஞானம்மாள் அம்மா கேட்டுவிட்டு, "நான் போயிட்டா வீடு பூட்டிக் கெடக்கும்ய்யா. அவன் வந்து நின்னா யாரு தொறப்பா?" என்றார்.

அப்பா கட்டிலை இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு, "வர மாட்டான் ஆத்தா. வண்டி முழுகுறவரைக்கும் நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்" என்றார்.

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. சாலை ஓரம் தாங்குமா என்று பார்க்க வண்டியை விட்டு இறங்கியது தான்தான் என்றார். காலால் மிதித்துப் பார்த்ததையும், தாங்கும் என்று நினைத்ததையும், முன்னால் நின்று கையை அசைத்ததையும் சொன்னார். விசாரணையில் யார் மேலும் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். பெட்டியோடு இந்த வாசலில் வந்து நின்றபோது சொல்ல வாய் வரவில்லை என்றார். "வான்னு கை காட்டுனது நான் ஆத்தா. என்னைய நம்பித்தான் வந்தான்."

ஞானம்மாள் அம்மா அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன். முப்பது வருசமா கதவத் தாழ்ப்பாப் போடாமப் படுத்திருக்கேன். எந்திரிச்சுப் போ. இனிமே இங்கன வராத."

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா என்னைப் பார்க்கவில்லை. சின்னமனூர் தாண்டியதும், "ஒங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். அன்று வீட்டில் சொன்னார். கார்ச் சாவியோடு அவர் நின்ற நிலை எனக்கும் அம்மாவுக்கும் அப்போதுதான் விளங்கியது. அம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் அப்பா ராயப்பன்பட்டிக்குப் போகவில்லை. தேதி வந்தபோது பதக்கங்களை எடுத்துத் துடைத்தார், மறுபடி டப்பாவில் போட்டார். சோறு இறங்கவில்லை. தோழர்களில் மூத்தவரான சின்னமனூர் மாமா, அப்பாவுக்காகப் பேசிப் பார்க்கப் போனார். அதற்குள் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்த ஞானம்மாள் அம்மா அவருக்குக் காபி கொடுத்தார். அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏழு மாதம் கழித்து அதே சின்னமனூர் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை பெட்டியை அடக்கம் செய்யப் போகிறேன், அவனையும் வரச் சொல் என்று ஞானம்மாள் அம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

உடலுக்குப் பதிலாகப் பெட்டியைத்தான் அடக்கம் செய்தார்கள். உள்ளே சூசை மாமாவின் சீருடை, ஜெபமாலை, தாயார் எழுதிய கடிதங்கள். வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை நான்கு தோழர்களும் தோளில் சுமந்தார்கள். நால்வருக்கும் அறுபது தாண்டிய வயது. ஒருவருக்கு முழங்கால் மடங்காது. வழியில் இறக்கி வைக்கவில்லை. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்து முடித்ததும் ஞானம்மாள் அம்மா முதல் பிடி மண் போட்டார். அப்பாவைப் பார்த்து, "போடு" என்றார். அந்த ஒரு சொல்தான். மன்னித்தேன் என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நால்வரும் வரிசையாக நின்று சல்யூட் வைத்தபோது அப்பாவின் கை மட்டும் இறங்க நேரமானது.

அடுத்த வாரம் ஞானம்மாள் அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு மகளோடு கட்டப்பனைக்குப் போனார்.

அப்பாவின் மனம் ஆறிவிட்டதா என்று ஒருமுறை கேட்டேன். "நான் காட்டுன கை தப்புத்தான் தாயி. அத யாரும் மாத்த முடியாது. ஆனா அவுக இனிமே கதவச் சாத்திட்டுத் தூங்குவாக" என்றார். அன்றுதான், பின்னால் எழுதுவதானால் எழுதிக்கொள் என்றும் சொன்னார்.

சென்ற வருடம் நுரையீரல் கெட்டு இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆக்ஸிஜன் குழாயோடு படுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில் பெரியவர் கஞ்சி குடித்தாரா என்று நர்ஸிடம் கேட்பார். அம்மாவிடம் மாத்திரையை வேளை தவறாமல் போடச் சொன்னார். ஒரு புதன்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், தம்பி முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். தோழர்கள் மூவரும் பதக்கங்களோடு வந்து தலைமாட்டில் நின்றார்கள். முழங்கால் மடங்காத மாமா சுடுகாடு வரை நடந்தே வந்தார்.

அந்த இருபது நாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், அம்மாவைத் தனியாக விடாத தெருக்காரர்களுக்கும், கடமலைக்குண்டிலிருந்து வேன் பிடித்து வந்த பங்காளிகளுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டிலேயே தங்கிய சின்னமனூர் மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு, இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள் வந்தபோது, அவர் இருந்திருந்தால் போயிருப்பார் என்று நானும் தம்பியும் ராயப்பன்பட்டிக்குப் போனோம். ஞானம்மாள் அம்மா கட்டப்பனையிலிருந்து மலையிறங்கி வந்திருந்தார். அப்பாவைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. பூசையில் சாமியார், குடும்பத்தார் எழுதிக் கொடுத்த இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். சூசை என்ற பெயருக்கு அடுத்து எங்கள் அப்பாவின் பெயரை வாசித்தார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

வெளியே வந்ததும், நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். ஞானம்மாள் அம்மா மகளின் தோளைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்தார்.

"முப்பது வருசம் எங் கையால சோறு தின்னவன். அவன் பேரச் சொல்லாம விட்டுருவனா?"