செம்மண்டலம் முனையில் என் பேனர்

கடலூரில் எதற்கெடுத்தாலும் ஃப்ளெக்ஸ் பேனர் வைக்க ஆரம்பித்த காலம் அது. ஏழாவது படிக்கும்போது நான் வயதுக்கு வந்தேன். பாவாடையில் ரத்தத்தைப் பார்த்து, சாகப்போகிறேன் என்று அழுதேன். அம்மா என்னை ஓலைத் தடுப்புக்குள் உட்காரவைத்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து, "எதையும் தொடாத, தீட்டு" என்றார். மாமாவோ என் படத்தோடு மஞ்சள் நீராட்டு விழா பேனரைச் செம்மண்டலம் முனையில் கட்டிவிட்டார். என் வகுப்புப் பையன்கள் அதன் கீழே நின்றுதான் பஸ் ஏறினார்கள்.

விழாவுக்குச் சிதம்பரத்திலிருந்து வந்த சித்திதான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பயப்படாத. கரு தங்கறதுக்காக கர்ப்பப்பைக்குள்ள உண்டாகற சவ்வு, கரு தங்கலன்னா மாசாமாசம் ரத்தத்தோட வெளிய வந்துடும். அது கெட்ட ரத்தமும் இல்ல, தீட்டும் இல்ல."

அம்மா பாய்ந்து வந்தார். "சின்னப் புள்ளகிட்ட பேசற பேச்சா இது?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் சின்னப் புள்ளன்னா, மொதல்ல அந்த பேனர எறக்கச் சொல்லும்மா" என்றேன்.

யாரும் இறக்கவில்லை. வெயிலில் வெளுத்துக் கிழியும்வரை அது அங்கேயே தொங்கியது. இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை. என் உடம்பில் நடந்ததை ஊருக்கே சொன்னவர்களுக்கு, என்னிடம் சொல்ல மட்டும்தான் வெட்கமாக இருந்தது.