பூவரசன் எழுதிய கடைசிப் பக்கம்

பூவரசன் எழுதும்போது ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் "புள்ளி" என்பான். உரக்க இல்லை, மூச்சோடு மூச்சாக. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஐந்து ஆண்டுகள் என் கல்லூரித் தேர்வுகளில் நான் சொல்லச் சொல்ல எழுதியவன் அவன். நான் சொன்னது தாளில் ஏறிவிட்டது என்பதற்கு எனக்கிருந்த ஒரே சாட்சி அந்தப் "புள்ளி"தான்.

அவன் ஊர் கண்டமங்கலம் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சு. வரலாற்றில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவன். ரிசல்ட் வந்த மாதமே அவன் அப்பா இறந்துவிட, புதுச்சேரியில் ஒரு மாத்திரை கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனான். நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தேர்வு எழுதித் தருபவர் என்னைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி.

"அந்தத் தகுதி எனக்கு நல்லாவே இருக்குது மச்சான்," என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பாடங்களையும் அவனே வாசித்து போனில் பதிவு செய்து அனுப்புவான், வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து. மியூனிக் ஒப்பந்தத்துக்கு நடுவே "அரியூர்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கேட்கும்.

ஐரோப்பிய வரலாறு மட்டும் எனக்கு ஏறவில்லை. இரண்டு முறை தோற்றேன்; மூன்று ஆண்டுப் படிப்பு ஐந்தாக நீண்டது அதனால்தான். 2023 ஏப்ரலில் கடைசி வாய்ப்பு. பாடத்திட்டம் மாறுகிறது, இனி இந்தத் தாளை எழுதவே முடியாது என்றார்கள். தேறாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது.

எங்களுக்குத் தனி அறை. கண்காணிப்பாளர் வெளியே நடையில் போன் பேசிக்கொண்டிருந்தார். பூவரசன் கடைசிக் கேள்வியைப் படித்தான்: இரண்டாம் உலகப் போர் மூண்ட விதத்தையும் அதன் தொடக்கக் கட்டத்தையும் விவரி.

வெர்சாய் உடன்படிக்கையில் தொடங்கினேன். ரைன்லாந்து, ஆஸ்திரியா, மியூனிக், போலந்து வரை தட்டாமல் வந்துவிட்டேன். செப்டம்பர் மூன்றாம் தேதி பிரிட்டன் போரை அறிவித்தது. அன்றே இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் அறிவித்தார். இங்கே யாரையும் கேட்கவில்லை.

"புள்ளி," என்றான் பூவரசன்.

அதற்குமேல் எனக்குள் ஒன்றுமே இல்லை. போரை அறிவித்தார்கள், சரி. பிறகு? யார் எங்கே போனார்கள்? அவன் பதிவில் கேட்ட பஸ் ஹாரன்தான் நினைவுக்கு வந்தது.

"சொல்லுடா."

"வரல."

"பத்து நிமிஷம் இருக்குது. பாதிலயே நிக்குது பாரு."

"வரலடா. அவ்ளோதான். கட்டிக் குடுத்துடு."

அவன் கட்டவில்லை. பேனா நகரும் ஓசை கேட்டது. பிறகு "புள்ளி". கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நான் வாயே திறக்கவில்லை. அவன் முழங்கையைத் தொட்டேன், நிற்கவில்லை. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு வாக்கியங்கள். மணி அடித்தது.

வெளியே வந்ததும், "இன்னாடா எழுதுன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. எழுத்து கோணலா இருந்துது, திருத்திக்கினு இருந்தேன்."

"திருத்துறவன் எதுக்கு ஒவ்வொரு வாட்டியும் புள்ளின்னு சொல்றான்?"

தனக்கு அப்படியொரு பழக்கம் இருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். "சொல்றேன் இரு, ரிசல்ட் வரட்டும். எனக்கு ஷிஃப்டுக்கு டைம் ஆச்சு," என்று போய்விட்டான்.

தேற எழுபத்தைந்துக்கு முப்பது வேண்டும். முப்பத்தொன்று வந்தது. விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கப் பத்து நாள் அவகாசம் இருந்தது. அவன்தான் சொல்லப்போகிறானே என்று விட்டுவிட்டேன். உண்மையில், தெரிந்துவிடுமோ என்ற பயம்.

ஆடி மாதம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மருந்து குடித்துக்கொண்டே வேலைக்கும் போயிருக்கிறான். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முற்றியிருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை சுட்டது. எதை எதையோ கேட்டிருக்கலாம்.

"அன்னிக்கு இன்னாடா எழுதுன?" என்றேன்.

கட்டிலின் மறுபக்கம் அவன் அம்மா வெள்ளையம்மாள் இருந்தார். "தண்ணிகூட முழுங்க முடியாம கெடக்கிறான். பரீட்சையப் பத்திக் கேக்கிறியே சீனு." அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

"வுடும்மா," என்றான் பூவரசன். மூச்சு வாங்கியது. "ஊட்டுக்கு வந்ததும் சொல்றேன் மச்சான். இந்த வாட்டி நான் சொல்றேன், நீ எழுது."

மூன்றாம் நாள் இறந்துவிட்டான்.

இப்போது திண்டிவனத்தில் பி.எட். படிக்கிறேன். பயிற்சிக்குப் போன பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அதே பாடத்தை நடத்தச் சொன்னார்கள். இப்போது எனக்கு எல்லாம் தெரியும். போலந்து விழுந்த பிறகு ஏழெட்டு மாதம் மேற்கு எல்லையில் படைகள் பெரும்பாலும் சும்மா நின்றன. பிறகு நார்வே, பிறகு பிரான்ஸ். அவன் எழுதியது இதைத்தானா? அவன் எழுதாமலே எனக்கு முப்பத்தொன்று வந்திருக்குமா? எனக்காக எழுதினானா, கல்லூரிக்கே போகாத அவன் தனக்காக ஒரே ஒரு விடை எழுதிப் பார்த்தானா?

அவன் காரியம் முடிந்த அன்றே வெள்ளையம்மாளிடம் மெல்லக் கேட்டிருந்தேன், கடைசியில் ஏதாவது சொன்னானா என்று.

"உன்னாண்ட ஏதோ சொல்லணும் சொல்லணும்னுக்கினே இருந்தான். இன்னான்னு கேட்டா, அது உனக்கு இல்லம்மான்னுட்டான்."

அவன் எனக்குத் தரவேண்டியது அந்த ஒரு பதில்தான். யாரிடம் போய் வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.