அக்காவுக்கு எட்டுகிற உயரம்

கட்டட வரைபடத்தில் ஓர் ஆளை நிற்க வைப்பது வழக்கம். பக்கத்தில் ஆள் நின்றால்தானே கதவு எவ்வளவு பெரிது, ஜன்னல் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவருக்குப் பிடிபடும். பலரும் கம்ப்யூட்டரில் கிடைக்கிற ஆளை எடுத்து ஒட்டிவிடுவார்கள். கோட்டுப் போட்டு, கையில் பெட்டி பிடித்த வெள்ளைக்காரர். நான் காலேஜுக்குப் போய் இதைப் படித்தவன் இல்லை. சேலத்தில் ஓர் ஆபீசில் கோடு இழுத்து இழுத்தே கற்றுக்கொண்டவன். என் படங்களில் எப்போதும் ஒரே ஆள்தான். என் அக்கா.

அக்கா குள்ளம். எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் முதன்முதலாகப் பலகை அடித்தபோது எக்கிப் பார்த்துவிட்டு, "எட்டாத எடத்துல யாருக்குடா பலகை அடிச்ச?" என்றாள். கோபமில்லை, கேலிதான். கழற்றி, இறக்கி அடித்தேன். அவள் போய்ச் சேர்ந்த பிறகும், எதை வரைந்தாலும் முதலில் அவளை நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொல்வேன். அவளுக்கு எட்டினால் சரி.

சில வருஷங்களுக்கு முன்னால், ஏற்காட்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி நூலகம் வரையும் வேலை வந்தது. இலக்கியம், வரலாறு படிக்கிறவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதும் இடம். வெள்ளக்கடை என்கிற ஊருக்கு மேலே, காப்பித் தோட்டத்தை ஒட்டிய சரிவு. அளவெடுக்க உதவியவர்கள் "பனி வந்துட்டுப் போச்சுங்க" என்பார்கள், ஏதோ சொந்தக்காரர் வந்து போனதுபோல. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஈரத்துக்குப் பயந்து பூமிக்கடியில் புத்தக அறை வேண்டாம் என்று முடிவானது. எல்லா அலமாரியும் வாசிப்புக் கூடத்திலேயே.

பல்கலைக்கழகக் கமிட்டியில் படங்களை விரித்தேன். தலைவர் முதலில் அலமாரிக்குத்தான் வந்தார். இன்னும் இரண்டு தட்டு ஏற்றுங்கள், ஸ்டூல் போட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்றார். பிறகு படத்தைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார்.

"இந்தம்மா யாருங்க? எல்லாப் படத்துலயும் நிக்கறாங்க, ஒண்ணுலகூட மூஞ்சியக் காணோம்."

அதுவரை நானே கவனித்ததில்லை. மாடிப்படியில், ஜன்னலோரத்தில், அலமாரி முன்னால், எங்கும் அவள் முதுகுதான். ஆஸ்பத்திரிக்கென்று பஸ் ஏறியவளை நான் கடைசியாகப் பார்த்ததும் அப்படித்தான்.

மறுநாள் அவளைத் திருப்பி வரைய உட்கார்ந்தேன். மூக்குத்தி வந்தது. பொட்டு வந்தது. முகம் வரவில்லை. அழித்து அழித்துத் தாள் நைந்ததுதான் மிச்சம். அதற்குள் ஆபீசில் என்னோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவர் கமிட்டி சொன்னபடியே அலமாரியை ஏற்றி, அவளை எடுத்துவிட்டுக் கோட்டுக்காரரை நிறுத்திவிட்டார். திரையில் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் இனி அக்காவுக்கு வேலை இல்லை. முகத்தைத்தான் தொலைத்தாயிற்று, அந்தக் கை எட்டும் தூரமும் போய்விட்டால் என்னிடம் அவள் என்று சொல்ல எதுவும் இராது.

அடுத்த கூட்டத்துக்குப் பழைய படத்தையே கொண்டுபோனேன். ஏன் மாற்றவில்லை என்று கேட்டார்கள். கட்டடக் கணக்கு பேசத்தான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"எங்க அக்காளுக்கு எட்டோணுங்க. அவ்வளவுதானுங்க."

அப்போது ஓரத்தில் இருந்த வரலாற்றுப் பேராசிரியை எழுந்தார். அவரும் குள்ளம்தான்.

"எனக்கும் எட்டாதுங்க. வேலைக்கு வந்த நாள்ல இருந்து மேல்தட்டுப் புஸ்தகத்துக்கு யாரையாச்சும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கறேன்."

தலைவர் சிரித்துவிட்டார். "சரி, அந்தம்மாவே இருக்கட்டும்." கூடத்தைச் சரிவுப் பக்கம் கொஞ்சம் நீட்டி, தாழ்வாகவே கூடுதல் வரிசைகள் போட்டேன்.

கட்டி முடிந்து, புத்தகங்கள் வருவதற்கு முன் ஒரு காலையில் போனேன். பனி வந்திருந்தது. கதவு திறந்தே கிடந்ததால் கூடத்துக்குள்ளும் வந்திருந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் முதுகு காட்டி நின்று, வெறும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டு வந்தபோது ஸ்டூலைத் தேடவில்லை. கையைத் தூக்கினாள். துணி பலகையின் கோடிவரை போயிற்று.

துப்புரவு வேலைக்கு வெள்ளக்கடையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். தெரிந்துதான் நின்றேன். என் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஏனுங்க, தரை ஈரமுங்க. பாத்து வாங்க" என்றாள், திரும்பாமலே.

நான் உள்ளே போகவில்லை. அவள் துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்புவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.