வாங்குபவர் கையெழுத்து

என் பெரியப்பா பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர். பிரேக் லைனிங்கோ பியூஸ் பல்போ, வாங்குகிறவன் கையெழுத்துப் போடாமல் அவர் ஜன்னலைத் தாண்டாது. மேனேஜரே வந்தாலும் அதே கதிதான். வீட்டிலும் மனிதர் திருந்தவில்லை. புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, காலை நுழைப்பதற்குள் டைரியை நீட்டுவார்.

நமக்கெல்லாம் சாவு ஞாபகம் தலை நரைத்த பிறகுதான் வரும். அவருக்குக் கல்யாணமான வாரமே வந்துவிட்டது. சைக்கிளும் கைக்கடிகாரமும் பெரியம்மாவுக்கு என்று முதல் உயில். சொந்தபந்தமெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தது. அவர் மகன், என் அண்ணன், பிறந்ததும் இரண்டாவது. என் அப்பா அம்மா விபத்தில் போய்ச்சேர, நான் அந்த வீட்டுக்கு வந்து வளர்ந்து பதினெட்டு முடிந்ததும் மூன்றாவது. பெரியம்மா தன் ஆயுள்வரை வீட்டில் இருக்கலாம்; அதற்குப்பின் அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதி. "வயசு மாறுனா பொறுப்பு மாறும், காகிதமும் மாறணும்" என்பார்.

என்னை முறைப்படி தத்தெடுக்கவில்லை. "என் புள்ளைய நானே எதுக்குடி தத்தெடுக்கணும்?" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். ஆகவே அந்த வீட்டில் எனக்கு ஒரு செங்கல் உண்டென்றால் அது அந்த உயிலால் மட்டும்தான். அண்ணன் வேறு போன மாதம் வீட்டை விற்றுவிடலாமா என்று பேச்செடுத்தான். அன்றிலிருந்து எனக்கு அவன்மேல் ஒரு சந்தேகக் கண்.

பெரியப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிவாயிற்று. ஆபரேஷனன்று காலை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு வக்கீல், கால் முறிந்து படுத்திருந்தார். பெரியப்பா பெருமையாகத் தன் உயிலை அவரிடம் நீட்டினார்.

"சாட்சி போட்டிருக்கறது யாருங்க?"

"இதோ நிக்கிறாங்களே, இவங்க மூணு பேரும்தான். வாங்குறவங்க கையெழுத்து இல்லாம எப்படிங்க?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களை மாதிரி கிறிஸ்தவங்களுக்கு, பங்கு வாங்குறவங்களே சாட்சி போட்டா அந்தப் பங்கு செல்லாதுங்க. சம்சாரத்துக்கும் பையனுக்கும் உயில் இல்லாட்டியும் சட்டப்படி வந்துரும். இந்தப் பொண்ணுக்குத்தான்..." என்று என்னைப் பார்த்து நிறுத்தினார்.

 அங்கே மனிதரின் நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள், இங்கே நான் வீட்டை நினைக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

"பேப்பர் குடு" என்றார் பெரியப்பா. வக்கீல் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே புதிதாக எழுதினார். யார் பங்காவது செல்லாமல் போனால் அது மற்றவருக்கே என்று ஒரு வரியையும் வக்கீல் சேர்க்கச் சொன்னார். முதல் சாட்சிக்கு வக்கீல் இருந்தார். இரண்டாவது சாட்சிக்கு எங்கே போவது? நர்ஸ், "எங்களுக்கு அனுமதி இல்லீங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். அண்ணன் வராந்தாவுக்குப் போனான். போன வேகத்தில் திரும்பினான்.

"ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க."

கேட்டானா, கேட்கவே இல்லையா? நானே ஓடினேன். "சாட்சியா? ஒரு தடவை போட்டுட்டு கோர்ட்டுக்கு நடையா நடந்தேன், ஆளை விடும்மா" என்றார் ஒருவர். இன்னொருவர் கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அண்ணன் பொய் சொல்லவில்லை.

திரும்பி வந்தால் டிராலி தயாராக நின்றது. பெரியப்பா கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

"கையெழுத்து ஆகாம நான் வரமாட்டேன்."

"உசுரு முக்கியமா, காகிதம் முக்கியமா?" என்று பெரியம்மா அழுதாள்.

"பிரஷர் ஏறுது சார், டாக்டர் காத்திருக்காரு" என்று நர்ஸ் கெஞ்சினார். பெரியப்பாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. பிடி தளரவில்லை.

அண்ணன் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தான். "நான் போடுறேன். நீங்க முதல்ல போடுங்கப்பா."

"டேய், நீ போட்டா உன் பங்கு போயிரும்டா!"

"தெரியும். எனக்கும் காது இருக்குல்ல?"

"தம்பி, நல்லா யோசிச்சுக்கங்க" என்றார் வக்கீல். "அப்பா திரும்பி வந்து மாத்தி எழுதினாத்தான் உண்டு. இல்லைன்னா முழு வீடும் தங்கச்சிக்குத்தான், உங்களுக்கு ஒண்ணுமே கிடையாது."

"அண்ணா" என்றேன். 

பெரியப்பா ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடியே கையெழுத்துப் போட்டார். வக்கீல் போட்டார். அண்ணன் குனிந்து, நிதானமாக, முழுப்பெயரையும் எழுதினான். பிறகுதான் பெரியப்பா கட்டில் கம்பியை விட்டார்; விட்ட கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். டிராலி நகர்ந்தது. அவனும் கூடவே ஓடினான்.

"திரும்பி வாங்கப்பா" என்றான்.  "வந்து எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு, எனக்கும் பாதி எழுதுங்க."