பூட்டிய வீட்டுக் குடம்

"...சாக்கடைக் கொசு ராத்திரியில கடிக்கிறதுங்கய்யா. உங்க வீட்டம்மாவுக்கு டெங்குவக் குடுத்தது பகல்ல கடிக்கிறது. அது உங்கள மாதிரி, நல்ல தண்ணியாத்தான் தேடும்" என்றார், வீடு வீடாகக் கொசுப்புழு தேடிவரும் சுகாதாரத் துறைப் பெண். என் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தருமபுரத்தில் எங்கள் தெருச் சாக்கடையை நான் திட்டாத நாளில்லை. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள். "ரெண்டாவது தடவை வந்தா மோசமாயிடும், பாத்துக்குங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஒரு கொசு பறந்தாலும் எழுந்து துரத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் புழு இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டைக்கூட இழுத்துப் பார்த்துவிட்டார்.

"பக்கத்து வீடு?"

"பூட்டிக் கெடக்கும்மா. அவங்க பிரான்சுல மக வீட்ல இருக்காங்க."

"சாவி?"

சாவி என்னிடம்தான் இருந்தது. கிளம்புகிற அன்று அந்த வீட்டம்மா என் கையில் கொடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளிக்கிழமை வெளக்கேத்துங்கண்ணே. சாமி ரூம்ல கொடம் மட்டும் கொறையக் கூடாது. கவுத்தும் வெச்சிடாதீங்க, நாங்க திரும்பி வரணும்." அந்தக் கடைசி வார்த்தைக்காகவே ஒரு வெள்ளி தவறியதில்லை நான். மனைவியும் அந்தக் காலைகளில் என்னோடு வந்து, அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பூக்கட்டுவாள்.

கதவைத் திறந்துவிட்டேன். சுகாதாரத் துறைப் பெண் சாமி அறையில் இருந்த பித்தளைக் குடத்துக்குள் வெளிச்சத்தைக் காட்டினார். "இங்க வாங்கய்யா."

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின.

"பழைய தண்ணியக் கொட்டுவீங்களா?"

"கொட்டுறதா? கொறஞ்சத ஊத்தி நெரப்புவேம்மா."

"அது முட்டைய தண்ணிக்கு மேல, கொடத்துச் சுவருல ஒட்டி வைக்கும். நீங்க வாரா வாரம் ஊத்தி அத நனைச்சுப் பொரிக்க வெச்சிருக்கீங்க. மாசமா இருக்கற மகளக்கூட யாரும் இப்புடிப் பாத்துக்க மாட்டாங்க போங்க!"

சிரிப்பு வரவில்லை. தெருவையே குற்றம் சொல்லித் திரிந்தவன், என் கையாலேயே கொசு வளர்த்து, அதன் பக்கத்திலேயே மனைவியை உட்கார வைத்திருக்கிறேன். அசுத்தத்தைத்தான் நாம் சந்தேகப்படுகிறோம். நல்லது என்று வைத்ததை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"கொட்டிக் கவுத்துடலாமா?"

"கவுக்க மட்டும் வேணாம்மா" என்று, பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டுப் போனதை வெட்கத்தோடு சொன்னேன். நம்பிக்கையைப் பற்றி ஒரு பிரசங்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எங்க விழிதியூர் வீட்லயும் கவுக்க மாட்டோம்" என்றார். "அரிசியக் கொட்டி நெறைச்சு வைங்க."

"வண்டு வருமே?"

"வரட்டுமே. வண்டு கடிச்சு யாருக்கு டெங்கு வந்துச்சு?"

குடத்தை இடுப்பில் தூக்கிக் கொல்லைக்குப் போனார். காய்ந்த மண்ணில் தண்ணீரைக் கொட்டினார். தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்து, கழுத்துப் பக்கம் மறுபடியும் தேய்த்தார். பிறகு குடத்தைக் கவிழ்க்காமல், வாய் மேலே பார்க்க, வெயிலில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அது காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.