சாந்தாமணி அக்கா வீட்டு கராஜ் நம்பர்

டெக்சாஸில், ஆலன் ஊரில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் சாந்தாமணி அக்காவின் வீடு. கராஜ் கதவைத் திறக்க நான்கு இலக்க நம்பர்: 0914. செப்டம்பர் பதினான்கு, மகள் ரோஷினி பிறந்த நாள். குடும்பத்தைத் தவிர அந்த நம்பர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி பக்கத்து வீட்டு ஜனேல்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். வயது ஐம்பத்து மூன்று. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பதற்காகவே இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறவர். ஊருக்கு டிக்கெட் போட்டால் தேதியை மூன்று தடவை பார்ப்பார். மருந்து பாட்டிலில் எழுதியிருப்பதை என்னையும் ஒருமுறை படிக்கச் சொல்வார். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் சரிபார்க்காமல் நம்பியது ஒரே ஒருத்தியை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

2010-ல் அந்த வீட்டை வாங்கும்போது தெருவில் மொத்தம் பதினோரு வீடு. அதில் ஏழு வீட்டில் மார்மன் என்கிற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது. டெக்சாஸில் இப்படி ஒரு தெரு அமைவது அபூர்வம். முதலில் ஒரு குடும்பம் வந்தது, பிறகு அந்த வீட்டம்மாவின் தங்கை வந்தாள், பிறகு சர்ச் சிநேகிதர்கள் வந்தார்கள். நம் ஆட்கள் ஒருத்தர் வாங்கிய இடத்திலேயே பத்துப் பேர் போய் வாங்குவதில்லையா, அதே கதைதான். குடிபோன அன்று சாயங்காலத்துக்குள் ஏழு வீட்டிலிருந்தும் சாப்பாடு வந்துவிட்டது. ஜனேல் கொண்டுவந்த தட்டில் மட்டும் மாட்டுக்கறி இல்லை. இந்தியக் குடும்பம் என்று கேள்விப்பட்டேன், அதனால் காய்கறி மட்டும் போட்டுச் செய்தேன் என்றாளாம். அக்கா அன்றைக்கே அவளிடம் விழுந்துவிட்டார்.

நான் பொய் சொல்ல மாட்டேன், நல்ல மனிதர்கள்தான். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, காபி டீகூடக் கிடையாது. அக்காவின் கணவர் சேனாபதி அண்ணனுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது ஒரு மாதம் யார் யாரோ வந்து புல் வெட்டிவிட்டுப் போனார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸே கரண்டு இல்லாமல் உறைந்து கிடந்தபோது ஜனேல் வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது. ஒரு வருடத்துக்குக் கோதுமையும் அரிசியும் பக்கெட் பக்கெட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள், அது அவர்கள் வழக்கம். அக்காவும் அண்ணனும் நான்கு நாள் அங்கேதான் தூங்கினார்கள், சாப்பிட்டார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு வேறு தெரு. காலை ஒன்பது மணிக்கு ஏழு வேனும் வரிசையாகக் கிளம்பிப் போய்விடும். எட்டு வயது ரோஷினி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஆளில்லாத தெருவில் நிற்பாள். விளையாட ஒரு பிள்ளை இருக்காது. திரும்பி வந்த பிறகும் அன்று அவர்கள் பிள்ளைகள் வெளியே வர மாட்டார்கள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்குத் தாங்கவில்லை. புதன்கிழமை எங்கள் சர்ச்சில் பிள்ளைகளுக்கு விளையாட்டு இருக்கிறது, ரோஷினியையும் கூட்டிப்போகட்டுமா என்று ஜனேல் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. ஆபீஸிலிருந்து வர அவருக்கு ஏழு மணியாகும். ஜனேலுக்கு ஏற்கெனவே ஆறு பிள்ளைகள், ரோஷினி ஏழாவதாகச் சேர்ந்துகொண்டாள். "இவங்க உனக்குப் பெரியம்மா மாதிரி" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அக்காவேதான்.

ஹைஸ்கூலில் சேர்ந்ததும் ரோஷினி விடியற்காலை ஐந்து மணிக்குத் தானாக எழுந்தாள். ஐந்தே முக்காலுக்கு ஜனேல் வீட்டில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு பைபிளும் அவர்கள் வேதமும் படிக்கிற வகுப்பு. நம் ஊர் அம்மா அப்பாவுக்கு, பிள்ளை ஐந்து மணிக்கு எழுகிறது என்றால் போதும், எதற்கு எழுகிறது என்று கேட்கத் தோன்றாது. அக்கா தமிழ்ப் பள்ளியில் எங்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். "நல்லொழுக்க வகுப்புக்குப் போறா. பாய் ஃப்ரெண்டு கீய் ஃப்ரெண்டுன்னு ஒண்ணும் கெடையாது. நாம ஒண்ணும் சொல்லவே வேண்டியதில்ல." எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மகனை எட்டு மணிக்கு எழுப்புவதற்கே தொண்டை வற்றிவிடும்.

பன்னிரண்டாவது படிக்கும்போது ரோஷினி காபியை நிறுத்தினாள். அக்கா வீட்டுக் காபி எப்படிப்பட்டது என்றால், டிகாக்‌ஷன் இறங்கும் வாசனைக்கு நான் அடுத்த தெருவிலிருந்து வந்துவிடுவேன். தூக்கம் வருவதில்லை, அதனால் வேண்டாம் என்றாள் ரோஷினி. அக்கா அவளுக்கும் ஜனேலுக்கும் சேர்த்து ஹார்லிக்ஸ் கலக்க ஆரம்பித்தார். ஓட்டை கண்டுபிடிக்கும் உத்தியோகத்தில் இருப்பவர், தன் சமையலறையில் இருந்த ஓட்டையைப் பார்க்கவில்லை.

பிறகு ரோஷினி ஆஸ்டினுக்குப் படிக்கப் போனாள். 2022 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, தங்கையைப் பார்க்க ஆஸ்டின் போகிறேன், ரோஷினிக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று ஜனேல் கேட்டாள். அக்கா முதல் நாள் லீவு போட்டு ஓலைப் பக்கோடாவும் தேங்காய் பர்பியும் செய்து எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு வந்த டப்பா அது. மூடியில் "சாந்தாமணி" என்று ஊசியால் வெட்டியிருக்கும்.

அந்த டப்பாவை அக்கா மறுபடி பார்த்தது இரண்டு வருடம் கழித்து, போனில். ரோஷினி வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, தான் மார்மன் ஆகிவிட்டதாகவும், ஸ்பென்சர் என்று ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகவும் சொன்ன நாளில், ஞானஸ்நானம் எடுத்த போட்டோக்களையும் காட்டினாள். வெள்ளை உடையில் ரோஷினி, பக்கத்தில் ஜனேல், பின்னால் பலகாரம் வைத்த மேசை. மேசையில் சாந்தாமணி என்று பெயர் வெட்டிய டப்பா திறந்து கிடந்தது.

அக்கா அழுதார். மகள் மதம் மாறியதற்கு இல்லை, அது என்னிடம் அவரே சொன்னது. "எந்தச் சாமிய வேணாலும் கும்புடட்டும் வானு. எம் பலகாரத்த எங்கிட்டயே வாங்கிட்டுப் போயி, எனக்குத் தெரியாம பந்தி வெச்சிருக்கா பாரு." அப்போதே நான் ஜனேலை நேராகக் கேட்கச் சொன்னேன். கேட்டார். அது ரோஷினி சொல்ல வேண்டிய விஷயம், நான் எப்படிச் சொல்வது என்றாளாம் ஜனேல், கண்ணீரோடு. அதில் நியாயம் இருக்கிறது என்று அக்கா விட்டுவிட்டார். நான் விடவில்லை, ஆனால் என்னை யார் கேட்டார்கள்.

கல்யாணப் பேச்சு வந்ததும் அடுத்த இடி. அவர்களுக்கு ஞாயிறு போகிற சர்ச் வேறு, டெம்பிள் வேறு. சர்ச்சுக்கு யாரும் போகலாம். டெம்பிளுக்குள் போக உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது, ஒழுங்காக நடக்கிறவர் என்று சர்ச் கொடுத்த அனுமதிச் சீட்டும் வேண்டும். கல்யாணம் நடப்பது உள்ளே. பெற்ற அம்மாவானாலும் சீட்டு இல்லாவிட்டால் வெளியே.

"அம்மா, ஐ டிட்ன்ட் மேக் த ரூல்" என்றாள் ரோஷினி.

அக்கா ஒன்றுதான் கேட்டார். தம்பி கோபியிலிருந்து கொண்டுவந்த தாலி பூஜை அலமாரியில் இருக்கிறது. முதல் நாள் வீட்டு ஹாலில் பத்தே நிமிடம், அந்தப் பையன் தாலி கட்டட்டும், நான் கண்ணால் பார்த்துவிடுகிறேன், மறுநாள் உங்கள் டெம்பிளில் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ரோஷினி ஜனேலைப் பார்த்தாள். நானும் அன்று அந்தச் சமையலறையில் இருந்தேன். ஜனேல் ஹார்லிக்ஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே முதலில் கல்யாணம் நடந்தால் டெம்பிள் கல்யாணத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், எங்கள் சட்டம் அப்படி, பாவம் பிள்ளைகள் என்றாள்.

அக்கா உடனே தாலிப் பேச்சை விட்டுவிட்டார். கூகுளில் ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள் என்று நான் சொன்னேன்.

"அவளே சொல்றா, அப்பறம் தேடறதுக்கு என்ன இருக்குது? பதினஞ்சு வருசப் பழக்கம். ஒரு வருசம் அதுகளக் காக்க வெக்க எனக்கு மனசு வல்ல."

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை டாலஸ் டெம்பிளில் கல்யாணம். அக்கா அரக்குப் பட்டு கட்டியிருந்தார். ரோஷினியும் ஜனேலும் முன்னாலேயே உள்ளே போய்விட்டார்கள். சேனாபதி அண்ணன் எனக்கு இங்கே என்ன வேலை என்று பார்க்கிங்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். அக்காவும் நானும் சீட்டு இல்லாதவர்கள் உட்காரும் அறையில் இருந்தோம். சுத்தமான அறை, மெத்தென்ற சோபா, மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி. அந்த டிஷ்யூவைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. இங்கே உட்காருகிறவர்கள் அழுவார்கள் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

எதிர் சோபாவில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். இன்னொரு கல்யாணத்துக்கு வந்தவர், அவரும் எங்களைப் போல வெளியாள். பேச்சுக் கொடுத்தார். போன வருடம் மூத்த பேத்தி கல்யாணத்தில் இந்தத் தொல்லை இல்லை, காலையில் எங்கள் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் கல்யாணம், மத்தியானம் இங்கே டெம்பிளில், இரண்டும் ஒரே நாளில் என்றார். அக்கா நிமிர்ந்தார். வெளியே முதலில் செய்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்.

அது பழைய சட்டம் அம்மா, 2019-லேயே எடுத்துவிட்டார்கள் என்றார் பெரியவர்.

அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்தார். தேடினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். சுவரில் மணி பதினொன்றே கால். ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

நாற்பது நிமிடம் ஆயிற்று. ஜனேல்தான் முதலில் வந்தாள், அழுத கண்ணோடு, முகமெல்லாம் சிரிப்பு. அக்காவைக் கட்டிக்கொண்டு, தேவதை மாதிரி இருந்தாள், அம்மா உட்காரும் நாற்காலியில் உனக்காக நான் உட்கார்ந்தேன் என்றாள்.

அக்கா அவள் கைகளை மெதுவாக எடுத்துவிட்டார். ஒரு வருடச் சட்டம் இப்போது இல்லையாமே, உனக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆபீஸில் மீட்டிங்கில் கேட்பது போல, குரல் உயராமல்.

ஜனேல் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். தெரியும் என்றாள். ரோஷினிக்கும் தெரியும் என்றாள். வீட்டில் தாலி கட்டினால் உனக்கு அதுதான் கல்யாணமாக இருக்கும், இது இரண்டாவதாகப் போய்விடும் என்று நாங்கள் பயந்தோம், இந்த ஒன்றாவது அவளுக்கு முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தோம் என்றாள்.

நாங்கள். அந்த நாங்களில் அக்கா இல்லை. பதினைந்து வருடமாக அப்படி ஒரு நாங்கள் சேர்ந்துகொண்டிருந்ததை அக்கா அந்த நிமிடம்தான் பார்த்தார்.

வெளியே படிக்கட்டில் போட்டோ எடுத்தார்கள். அக்கா நின்றார், சிரிக்கச் சொன்னபோது சிரித்தார். ரோஷினி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆர் யூ ஓகே, அம்மா?" என்றாள். "நல்லா இரு கண்ணு" என்றார். மகளிடம் அவர் அன்று பேசியது அவ்வளவுதான். சாயங்காலம் சர்ச்சுக்குள் இருக்கும் கூடைப்பந்து மைதானத்தில் ரிசப்ஷன். கூடைக்குக் கீழே பூ வளைவு கட்டியிருந்தார்கள். அக்கா வந்தவர்களுக்கெல்லாம் தானே கேக் எடுத்துக் கொடுத்தார். அவரைப் பார்த்து எத்தனை நல்ல அம்மா என்று ஏழு வீட்டுக்காரர்களும் சொன்னார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்கு போன்.

"வானு, கராஜ் நம்பர மாத்தோணும். எனக்குத் தெரியல. வந்து சொல்லிக்குடு."

போனேன். கதவருகில் உள்ள பெட்டியைத் திறந்து, பழைய நம்பரை அழித்து, புதிதாக என்ன போடட்டும் என்று கேட்டேன். சொன்னார். யாருடைய பிறந்த நாளும் இல்லை, சும்மா நான்கு எண்கள். பக்கத்து வீட்டு வாசலில் ஜனேல் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அக்காவும் பதிலுக்குக் கையை ஆட்டினார். மரியாதைக்குக் குறைவு இல்லை.

"ரோஷினிக்கு மெசேஜ் பண்ணிடவாக்கா? வியாழக்கிழமை ஹனிமூன் முடிஞ்சு வர்றாளே. சாமானெல்லாம் இங்கதான இருக்கு" என்றேன்.

அக்கா புது நம்பரை அழுத்திக் கதவைத் திறந்தார், மூடினார். இன்னொரு தடவை திறந்து மூடினார். சரியாக வேலை செய்தது.

"வேண்டாம்" என்றார். "வந்து பெல் அடிக்கட்டும். நான் தொறக்கற வரைக்கும் அவளும் வெளிய நிக்கட்டும்."