கிரேன்காரரின் இடுப்பளவு

தொழிற்சாலை மருத்துவ அறையில் பதினாறு வருஷமாகக் காயத்துக்குக் கட்டுப்போட்டு வந்த நர்ஸுக்கு, அளவு டேப்பைப் பிடிப்பது பெரிய வேலையாகத் தெரியவில்லை. உடல் பருமனுக்கும் வேலையில் நேரும் விபத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க ஓர் ஆராய்ச்சிக் குழு வந்திருந்தது. முதலில் எடையை வாயால் கேட்டார்கள். ஆளாளுக்குப் பத்துக் கிலோவை விழுங்கிவிட்டுச் சொன்னார்கள். எடையையும் இடுப்பையும் அளந்தே எழுதுவது என்று முடிவாகி, அந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

அளக்க ஒருவரும் வரவில்லை. 'மலை' என்று எல்லாரும் கூப்பிடும் கிரேன் ஓட்டுநர் வந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள். நேரே அவரிடம் போனாள்.

"பேரு வெளிய போகாதுண்ணே, நம்பர் மட்டும்தான். நான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா சரி சிஸ்டர். டேப்பு பத்தலைன்னா ரெண்டை முடிச்சுப் போட்டுக்குங்க."

வந்தவர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். "மூச்ச விடுங்கண்ணே, இங்க யாரும் போட்டோ எடுக்கல" என்றாள். நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். மறுநாள் வாசலில் வரிசை நின்றது.

யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரிய, தன் நோட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே பென்சிலால் பெயரையும் எழுதி வைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஒரு மதியம், கிழிந்த உள்ளங்கை ஒன்றை அழுத்திப் பிடித்திருந்தபோது பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். "சும்மா பாத்துட்டுத் தரேன்" என்று நோட்டை எடுத்தார். அவளுடைய இரண்டு கையிலும் ரத்தம். "வேண்டாம் சார்" என்று வாய் திறப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

திங்கட்கிழமை, நோட்டில் அளவு அதிகமிருந்த ஏழு பேரை உயரத்து வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிரேன்காரருக்கு அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்டும் வேலை.

அவர் வந்தார், உட்காரவில்லை. "பேரு போகாதுன்னீங்களே."



அன்றே ஆராய்ச்சிக் குழுவின் டாக்டருக்குப் போன் போட்டு, தன் தப்பையும் சேர்த்து ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பதறிக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியிடம் ஓடிவந்தார். "இது மொத்தக் கூட்டத்தையும் வச்சுப் பாக்குற கணக்கு சார். ஒரு ஆளு ஏணி ஏறுவாரா மாட்டாரான்னு இது சொல்லாது. தசையா கொழுப்பான்னுகூட எடை மிஷினுக்குத் தெரியாது."

"நாளைக்கு ஒருத்தன் விழுந்தா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?" என்றார் அதிகாரி.

இழுத்துப் பிடித்துக் கடைசியில், ஏணி ஏறிக் காட்டினால் பழைய வேலை என்று முடிவானது. ஆறு பேர் ஏறிக் காட்டிவிட்டுத் திரும்பினார்கள். கிரேன்காரர் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை.

"பத்தொன்பது வருஷமா ஏறுன ஏணி. இப்ப நாலு பேரு கீழ நின்னு வேடிக்கை பாக்க ஏறிக் காட்டணுமா?"

"எனக்காகண்ணே."

"உங்களுக்காகத்தானே அன்னிக்கு வந்து நின்னேன்" என்று லேபிளை ஒட்டப் போனார்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது சுற்று அளவு. பட்டியலை டாக்டரே வைத்துக்கொண்டார். ஆனாலும் வந்த ஒவ்வொருவரிடமும் போன முறை நடந்ததைச் சொல்லிவிட்டே அவள் டேப்பைக் கையில் எடுத்தாள். முதல் நாள் பதினொரு பேர் அளக்காமலே திரும்பிப் போனார்கள். அவள் யாரையும் தடுக்கவில்லை.